இடது பக்கம் இழுக்கும் பந்து

வெள்ளைக்கல் தோட்டம், மேல் டிவிசன்,
தெமோதரை.
04.08.2024

ஜிப்னா மகாராணிக்கு,

போனில் உன் நம்பரை அடைத்துவிட்டேன். அதனால்தான் பேப்பரும் பேனையும். வியாழக்கிழமை கொழும்பிலிருந்து பதுளைக்கு, உன் வாப்பாவின் கடைக்குச் சாமான் கொண்டுவரும் லொறி திரும்பிப் போகும்போது டிரைவரிடம் இதைக் கொடுப்பேன். பதில் எழுதுவதென்றால் நீயும் அப்படியே அனுப்பு. எழுதாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

உங்கள் கம்பனி பேஸ்புக்கில் போட்ட படத்தைப் பார்த்தேன். 'மலை ரயில்', திரையில் பந்தைக் குழியில் விழாமல் தட்டித் தட்டி ஆடும் பின்பால் விளையாட்டு, ஜனவரியிலிருந்து நான் ஆடிப் பார்க்கிற அதே ஆட்டம்தான். பந்து மேடேறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின பாதைக்கு அடியாலேயே புகுந்து கீழே வரும் என்று எனக்கே விளம்பரம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'வளைவுப் பாதை வடிவமைப்பு: ஜிப்னா'. அடியே, பத்தாம் வகுப்பில் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த வளைவைக் கீறினது யார்? தெமோதரை ஸ்டேசனில் ரயில் தன் தண்டவாளத்துக்கே அடியில் போவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது யார்? நான் கீறினபோது நீ, "பந்து மயங்கி விழுந்திடும் புள்ள" என்று சிரித்தாய். இன்றைக்கு அது உன் பெயரில் ஓடுகிறது.

கம்பனி ஆள் தேடி வந்தபோது இரண்டு பேரும்தான் போனோம். ஆட்டத்தில் நான் முதல், நீ ஒன்பதாவது. இங்கிலீசில் பேசச் சொன்னார்கள், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேலை உனக்கு. எனக்கு உன் வாப்பாவின் போன் கடையில் வேலை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேன் என்றால், வயிறு எரிந்தது, வாயைத் திறக்கவில்லை. வளைவை மட்டும் பொறுக்க முடியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பந்து ஆடுவதை நிறுத்த மாட்டேன். வெளியிட முன்னால் ஆடிச் சோதித்துப் பார்க்கிறவர்கள் பட்டியலில் முப்பத்தொரு பேரில் முதல் பெயர் என்னுடையது. ஜனவரியில் நீ வந்தபோது எங்கள் லயத்து வீட்டு ஜன்னல் கட்டையில் சட்டம் அடித்து, நாலு மூலைக்கும் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து, உன் அண்ணன்காரன் நாநாவின் பழைய டெப்பை, அந்தத் தட்டைக் கணினியை, அதில் இறுக்கினோமே, அதில்தான் இன்னும் ஆடுகிறேன். சித்தப்பாவின் நீர்மட்டக் கட்டையை வைத்து, குமிழி நடுவில் நின்றதும் நீ பொத்தானை அமுக்கி, "இதுதான் பூச்சியம்" என்றாய். டெப் அசைந்தால் பந்தும் அசையும் என்பதால், கையில் பிடித்து ஆடுகிறவர்கள் ஊஞ்சலில் இருந்து சோறு தின்கிறவர்கள். மேசை அசையாமல் நின்றால்தான் அது பின்பால். அந்த முதலிடத்தை நான் விட மாட்டேன், உனக்கு எழுதி வைத்துவிட்டேன்.

விஜயலெட்சுமி

.

தெஹிவளை
12.08.2024

விஜிக்கு,

உன் கடிதம் பிஸ்கட் பெட்டிக்கு அடியில் நசுங்கி வந்தது. நசுங்கியும் சூடு ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் மேனேஜர், இந்த வளைவு யாருடைய யோசனை என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் 'என்னுடையது' என்றது. ஒரு நொடி வேலை. அதற்குப் பிறகு திருத்த வாய் வரவில்லை. அது பிழைதான். ஆனால் நீ பென்சிலால் கீறினாய், அவ்வளவுதான். பந்து பாதி ஏறிப் பாதியில் விழுந்தபோது, வேகத்தையும் பாதையின் சாய்வையும் மாற்றி மாற்றி நாலு கிழமை, ஒரு முழு மாதம், உட்கார்ந்திருந்தது நான். அதற்கும் ஒரு பெயர் உண்டு, இல்லையா?

இன்னொன்று. விளையாட்டு கடினம் என்று எல்லாரும் முறைப்பாடு. சாதாரண ஆள் நாற்பது தடவை அடித்தால் ஒரு தடவைதான் வளைவில் ஏறுகிறது. பந்தின் வேகத்தைக் குறை, நடுக்குழியை ஒடுக்கு என்கிறார் மேனேஜர். குறைக்கத்தான் போகிறேன். உன்னைப் போல ஆடுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? உனக்காக விளையாட்டுச் செய்ய முடியாது.

எங்கள் ஒபிசில் நிஜப் பின்பால் மேசை ஒன்று இருக்கிறது, பழையது. அளவெடுக்க வாங்கியது. அதன் பந்து எண்பது கிராம் இரும்பு. மேசை முன்பக்கம் ஆறரைப் பாகை சாய்ந்து நிற்கும். கண்ணாடி மேல் கை வைத்தால் பந்து ஓடுவது உள்ளங்கையில் தெரியும். உன்னை நினைத்தேன் என்று எழுதினால் நம்ப மாட்டாய்.

நீ மட்டும்தான் வயிறெரிகிறாய் என்று நினைக்காதே. வாப்பா என்னோடு பத்து நிமிஷம் பேசினால் ஏழு நிமிஷம் நீதான். "விஜி மகள் அந்த டிஸ்பிளேய ஒரே தடவையில மாத்திட்டா." நான் கடையில் நின்ற மூன்று வருஷத்தில் ஒரு நாள் அவர் அப்படிச் சொன்னதில்லை. உம்மா வட்டிலப்பம் செய்தால் உனக்கொரு துண்டு எடுத்து வைக்கிறாவாம். நான் இங்கே போர்டிங்கில் பாண் தின்கிறேன். என் கதிரையில் நீ, என் தட்டில் நீ. நல்லா இரு.

ஜிப்னா

.

மேல் டிவிசன்
08.09.2024

ஜிப்னாவுக்கு,

எண்பது கிராம் என்று எழுதினாயே, அன்றைக்கு முழுக்க எண்பது கிராமைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பழைய போன் பெட்டரி இரண்டைச் சேர்த்து, பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். நீ நிஜ மேசையில் கை வைத்தாய், நான் செத்த பெட்டரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பொறாமைதான். சொல்ல எனக்கென்ன வெட்கம்.

ஆனால் நீ இப்போது செய்கிற வேலைக்கு நீதான் வெட்கப்பட வேண்டும். பந்து இடது பக்கம் இழுக்கிறது. முதலில் என் கண்தான் பிழை என்று நினைத்தேன். நடுவில் நேராக இறங்க வேண்டிய பந்து, கடைசி நேரத்தில் ஒரு நூல் இடது பக்கம் விலகி, பந்தைத் தட்டுகிற மேசைக் கைக்கு எட்டாமல் குழிக்குள் போகிறது. போன மாதம் ஒரு நூல். இப்போது இரண்டு நூல்.

நான் சும்மா பழி போடுகிறவள் இல்லை. ரப்பர் நாலையும் கழற்றிப் புது டியூப் வெட்டி வைத்தேன். இழுக்கிறது. கண்ணாடியைத் துடைத்தேன். இழுக்கிறது. விளையாட்டை அழித்துத் திரும்ப ஏற்றினேன். இழுக்கிறது. சட்டத்து ஆணி அடித்தது அடித்தபடி இருக்கிறது. இந்த வருஷம் மழை முந்திக்கொண்டதில் எங்கள் கதவு இறுகி, அப்பா இரண்டாம் தடவையாக அதன் விளிம்பைச் செதுக்கினார். அந்தச் சீவல் துண்டு ஒன்றை எடுத்து டெப்புக்கு இடது பக்கம் முட்டுக் கொடுக்கலாமா என்று கூட நினைத்தேன். கொடுக்கவில்லை. அது ஏமாற்று.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் நீ ஒருத்திதான். எனக்குத் தெரியாமல் என் மேசையை மட்டும் சாய்த்திருக்கிறாய். முதலிடத்தில் என் பெயரைப் பார்க்க உனக்குப் பொறுக்கவில்லை. வளைவை எடுத்தாய், இப்போது வரிசையையும் எடுக்கப் பார்க்கிறாய். பந்தை நேராக விடு.

விஜி

.

தெஹிவளை
17.09.2024

விஜிக்கு,

நான் விளையாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒரு ஆளுடைய மேசையை மட்டும் சாய்க்க என்னால் முடியவும் முடியாது. எங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. வேண்டுமென்றால் மேனேஜருக்கே எழுதிக் கேள், இங்கிலீசில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பள்ளிக்கூடத்தில் நீதான் இதை மற்றவர்களுக்குச் சொல்லுவாய். இன்றைக்கு உனக்கே சொல்ல வேண்டி வந்தது.

எங்களோடு வேலை செய்கிற ஸியாம்தான் இப்போது பட்டியலில் முதல். நான் நாலாவது. நீ ஏழாவது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். எட்டு வருஷமாக உனக்குப் பின்னால் நின்றவள் நான். பாடத்தில் நான் முந்தினாலும் ஆட்டத்தில் நீ முந்திவிடுவாய், பிள்ளைகள் எல்லாம் உன்னைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஒரு தடவை நீயும் பின்னால் நின்று பார்.

ஸியாம் சொல்கிறான், கை பழகிப் போனால் இப்படித்தான் சறுக்குமாம். கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கச் சொன்னான்.

ஜிப்னா

.

மேல் டிவிசன்
13.10.2024

ஜிப்னாவுக்கு,

ஸியாமுக்கு என் சலாத்தைச் சொல். ஓய்வு நான் எடுக்கவில்லை. இன்றைக்குப் பட்டியலைப் பார். முதல் பெயர் யாருடையது?

பந்து இடது பக்கம்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? இடது மேசைக் கையை ஒரு கண்ணிமை முந்தித் தூக்கினேன். டெப்பின் வலது ஓரத்தை விரலால் மெல்ல இடித்தேன். மிஞ்சி இடித்தால் மேசை கோபித்துக்கொண்டு தன் இரண்டு கையையும் கட்டிவிடும், மிஞ்சாமல் இடிக்க வேண்டும். பத்துப் பந்தில் ஐந்து தடவை வளைவில் ஏற்றினேன். நீ எவ்வளவு சாய்த்தாலும் நான் பழகிக்கொள்வேன். சாய்த்துக்கொண்டே இரு.

ஆனால் என் மனம் ஆறவில்லை. நீ முன்பெல்லாம் 'விஜி சொல்கிறாள்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாய். இப்போது 'ஸியாம் சொல்கிறான்'. அவன் என்ன பெரிய கொம்பனா? ஜன்னல் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் மாறி மாறி ஆடின மாதிரி அவனோடும் ஆடுகிறாயா? அந்த நிஜ மேசையில்? இதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, கேட்டும் விட்டேன்.

நீ எரிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை உன் உம்மா என்னைப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டார். அடுத்த நோன்புப் பெருநாளைக்கு எனக்கும் ஒரு சட்டைத் துணி எடுப்பாராம். உங்கள் கடைக் காலண்டர் ஒன்றும் கொடுத்தார். அதை ஜன்னலுக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அங்கே சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு, அதை மறைக்கவாவது உங்கள் வீட்டுச் சாமான் உதவட்டும். கதவை அப்பா மூன்றாம் தடவையும் செதுக்கிவிட்டார். இனிச் செதுக்கக் கதவு இல்லை.

இதற்கு மேல் எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

விஜயலெட்சுமி

.

தெஹிவளை
22.10.2024

விஜி,

பிரிக்க மாட்டாய் என்பதால்தான் கவருக்கு வெளியிலேயே எழுதியிருக்கிறேன்: 'பொறாமையில் எழுதவில்லை. ஜன்னல் கட்டையில் நீர்மட்டக் கட்டையை வைத்துப் பார்.' அதையாவது வாசித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ ஆடும் ஒவ்வொரு தடவையும், டெப் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எங்களுக்கு ஒரு அறிக்கை வரும். உன்னுடையது இது. ஜனவரியில் பூச்சியம். ஜூலைக் கடைசியில் 0.2 பாகை. ஆகஸ்டில் 0.5. செப்டம்பர் நடுவில் 0.9. இந்த 13ஆம் திகதி 1.6. எல்லாம் இடது பக்கம்.

விஜி, நான் இதை இன்றைக்குப் பார்க்கவில்லை. செப்டம்பரிலேயே பார்த்தேன். 'எங்கள் பக்கம் பிழை இல்லை' என்று எழுதின அன்றைக்கு அந்த 0.9 என் கண் முன்னால் இருந்தது. துடைக்கும்போது நீ டெப்பை நகர்த்தியிருப்பாய் என்று நினைத்தேன். திரும்பப் பூச்சியம் வை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. நீ தோற்பதை இன்னும் கொஞ்ச நாள் பார்க்க ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை, அதற்கு வேறு பெயர் இல்லை.

நேற்று உன் எண்களையும் பதுளை மழை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கனத்த மழை பெய்த கிழமைகளில் மட்டும் சாய்வு ஏறியிருக்கிறது. காய்ந்த கிழமையில் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு தடவையும் திரும்பவில்லை. ரப்பர் மழை பார்த்துத் தேயாது. பிறகு உன் கடிதங்களை எடுத்து வாசித்தேன். மூன்று தடவை செதுக்கின கதவு. விரல் நுழையும் வெடிப்பு. உன் ஜன்னலுக்கு இடது பக்கம் என்ன இருக்கிறது? பள்ளம். டெப் சாயவில்லை புள்ள. உங்கள் லயம் சாய்கிறது.

மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடின வருஷம் நாம் எட்டாம் வகுப்பு. அதை மறந்திருக்க மாட்டாய்.

வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். "கம்பியூட்டர் வெளையாட்டச் சொல்லி லயத்தக் காலி பண்ணச் சொல்றியா மகள்?" என்று சிரித்தார். உன் நம்பருக்கு முப்பது தடவை எடுத்தேன், நீ அடைத்தது அடைத்தபடி இருக்கிறது. இனி உன் கையில்தான் இருக்கிறது. என்னை வெறு, பரவாயில்லை. கட்டையை வைத்துப் பார்.

ஜிப்னா

.

தோட்டப் பாடசாலை மண்டபம்,
தெமோதரை.
10.11.2024

ஜிப்னாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் வாப்பா சொல்லியிருப்பார். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் என்று இருந்தது.

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்தது. கவரின் பின்பக்கத்தை வாசித்தேன். 'பொறாமையில் எழுதவில்லை' என்று ஒருத்தி எழுதினால் அவள் பொறாமையில்தான் எழுதுகிறாள் என்று நினைத்து, பிரிக்காமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட உட்கார்ந்தேன். முதல் பந்து எதிலும் முட்டாமல், வழுக்கிக்கொண்டு இடது ஓரத்துக் குழிக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. அப்போதுதான் டின்னைத் தூக்கினேன்.

சித்தப்பா கட்டையை வெலிமடைக்கு வேலைக்குக் கொண்டு போயிருந்தார். திங்கட்கிழமை உன் வாப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். வாசித்தார், சிரிக்கவில்லை. பக்கத்து ஹார்ட்வெயாரில் ஒரு கட்டை வாங்கிக்கொண்டு, ஓட்டோ பிடித்து என்னோடு லயத்துக்கே வந்தார். ஜன்னல் கட்டையில் வைத்தோம். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அப்பாவை உனக்குத் தெரியும். "வெள்ளக்காரன் கட்டுன லயம்டி இது. நீ பொறக்கங்காட்டியும் நிக்கிது, நீ செத்தாலும் நிக்கும்" என்றார். லயத்து வரிசையில் ஒட்டியிருக்கிற பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். குமிழியை யாரும் மதிக்கவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்து வீட்டை விட்டுப் போ என்றால் யார்தான் கேட்பார்கள்? பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தார்கள். கடைசிக் காம்பராவில் பெரியாயி அக்காவிடம் ஏனோ வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அக்கா, கதவ எத்தன தடவ செதுக்குனீங்க?"

"மூணு தடவ. மழைக்கு மரம் ஊதும்ல?"

"மழ நின்ன பெறகு கதவு லூசாகணும்ல அக்கா? ஆனிச்சா?"

அவர் எழுந்து போய்க் கதவை மூடிப் பார்த்தார், மூடவில்லை. பிறகு அவரே பக்கத்துக் காம்பராவில் போய்க் கேட்டார். எல்லா வீட்டிலும் செதுக்கியிருந்தார்கள். மழை வந்தால் கதவு இறுகும், செதுக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சுவர் வந்து கதவை நெரிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் கிராம சேவகரிடம் போனோம். புதன்கிழமை அதிகாரிகள் வந்து மேலே தேயிலை மலையில் ஏறிப் பார்த்தார்கள். செடிகளுக்கு நடுவில் நீளமாக வெடித்திருந்தது. அன்றைக்கே இறங்கச் சொன்னார்கள். ஐம்பத்தொரு பேர். தீபாவளியை இந்த மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து கழித்தோம். மண் அசையவில்லை. "வெளையாட்டுப் பொண்ணு பேச்சக் கேட்டு வீதிக்கு வந்தோம்" என்று என் காதுபடவே திட்டினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு மலை இறங்கியது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண். பெரியாயி அக்காவின் பசு மாடு போய்விட்டது. மனுசர் யாருக்கும் ஒன்றும் இல்லை. இப்போது யாரும் என்னைத் திட்டுவதில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஜிப்னா, நீ செப்டம்பரில் பார்த்தாய். ஒரு கிழமை முந்திச் சரிந்திருந்தால் இந்த ஐம்பத்தொரு பேரும் மண்ணுக்கு அடியில். நான் பட்டியலில் ஏழாவதாக நின்றதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதை நினைக்கும்போது உன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. உடனே அரிசி டின் ஞாபகம் வருகிறது. மூன்று நாள் உன் கடிதத்தை அதற்கு அடியில் வைத்தவள் நான். அந்த மூன்று நாளில் சரிந்திருந்தால் யாரைத் திட்டுவது?

டெப்பை எடுக்கவில்லை. அது அங்கேயே போனது.

விஜி

.

தெஹிவளை
18.11.2024

விஜி,

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று இல்லை.

சனிக்கிழமை வந்தேன். உனக்குத் தெரியாது. பாடசாலை கேட் வரைக்கும் வந்துவிட்டேன். உம்மா சோற்றுப் பார்சல்களோடு வந்திருந்தா. உன்னை மடியில் சாய்த்துத் தலையைத் தடவிக்கொண்டிருந்தா. வீட்டையே இழந்தவள் நீ. அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான், விஜி. என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அப்படியே திரும்பி பஸ் ஏறினேன்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு யாருடையது என்பதையும். விளையாட்டில் இனி உன் பெயர்தான் முதலில் வரும், அதற்குக் கீழேதான் என் பெயர். திட்டினார், வேலையை விட்டு நிறுத்தவில்லை.

அக்டோபர் 30ஆம் திகதி காலை, இறங்குவதற்கு முன் நீ கடைசியாகப் பத்துப் பந்து ஆடியிருக்கிறாய். சாய்வு 2.4 பாகை. ஏழு தடவை வளைவில் ஏற்றியிருக்கிறாய். இதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. சாய்ந்த மேசை, செல்லாது, அழித்துவிடு என்று ஸியாம் சொன்னான். நான் விடவில்லை. அதே சாய்வை வைத்து நானும் ஆடிப் பார்த்தேன். பத்தில் ஒன்றுகூட ஏறவில்லை.

ஒன்று கேட்கிறேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். மழை பெய்யப் பெய்ய மேசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிற மாதிரி ஒரு ஆகக் கடினமான ஆட்டம் வைக்கலாம் என்கிறார்கள். இவ்வளவு நிஜமாக வேறு எந்த விளையாட்டிலும் இல்லையாம். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் இல்லை.

மண்டபத்தில் எத்தனை நாளைக்கு இருப்பாய்? என் அறை சும்மா கிடக்கிறது. உன்னையும் அம்மா அப்பாவையும் கூட்டிப் போகச் சொல்லி வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என் கட்டிலில் படு. எனக்கு எரியும், ஆனாலும் படு.

ஜிப்னா

.

பசார் வீதி,
பதுளை.
01.12.2024

ஜிப்னாவுக்கு,

உன் அறையில் இருந்து எழுதுகிறேன். நானும் அம்மாவும் உன் கட்டிலில், அப்பா கடைக்குப் பின்னால் உள்ள அறையில். அலுமாரியில் பாதியை உம்மா ஒழித்துக் கொடுத்தார். உன் சட்டைகளை நான் தொடவில்லை. ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், தோள் இறுக்கம்.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இப்போதைக்குப் பேச வேண்டாம். குரலைக் கேட்டால் சண்டை பிடிப்பேன், இல்லை அழுவேன். இரண்டுக்கும் தெம்பில்லை.

சாய்கிற மேசை வைக்காதே. எனக்குச் சம்மதம் இல்லை. பந்து குழிக்குள் போனால் இன்னொரு பந்து வரும் என்று இருந்தால்தான் அது விளையாட்டு. என் பத்துப் பந்தையும் அழித்துவிடு. கடினம் எவ்வளவு வேண்டுமானாலும் வை, குழியை அகலமாக்கு, பந்தை வேகமாக விடு, ஆடுகிறவள் கையைத் தீட்டிக்கொள்ளட்டும். மேசையை மட்டும் பூச்சியத்தில் வை. யார் ஆடினாலும் அவர்களுக்குக் கீழே இருப்பது அசையாது என்று இருக்கட்டும்.

காணி பார்க்கிறோம், வீடு கட்டித் தருகிறோம் என்கிறார்கள். மீரியபெத்தைச் சனங்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் காத்திருந்தார்கள். பார்ப்போம்.

உன் வாப்பா வாங்கின நீர்மட்டக் கட்டை என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும், முகம் கழுவ முன்னால், அதை உன் அறைத் தரையில் வைத்துப் பார்க்கிறேன். கட்டிலடியில், கதவடியில், ஜன்னலடியில். உன் கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது. இருபத்து மூன்று வருஷம் நீ அதைத் திறந்து மூடியிருக்கிறாய், அதைப் பற்றி ஒரு தடவையாவது நினைத்திருப்பாயா?

உன் வேலை மேல் பொறாமைப்பட்டேன். உன் இங்கிலீசு மேல், அந்த எண்பது கிராம் பந்து மேல், ஸியாம் மேல். அதெல்லாம் இப்போது போன இடம் தெரியவில்லை. இன்றைக்குக் காலையிலும் கட்டையை வைத்தேன். குமிழி நடுவில் வந்து அப்படியே நின்றது. எனக்கு உன் தரை மேல் பொறாமையாக இருக்கிறது, ஜிப்னா. இது மட்டும் போகாது.

விஜி